மாமாவுக்கு ஒரு துவக்கு

தமிழாசிரியன் ஒருவனிடம் மக்கள் பலவகைப் பொருள்கள் குறித்து அறிவுரை கேட்பதுண்டு. பிள்ளைக்குப் பெயர் தெரிவு செய்ய, கலியாணக் கடிதத்தில் பிழை திருத்த, மரண அறிவித்தலுக்கு வாசகம் எழுத, கூட்டுறவுச் சங்கத்துக்கு விண்ணப்பம் வரைய என்று எங்கள் சல்லிக் கிராமத்தில் என்னைத் தேடி வருவோர் பலர். ஆயின், 2025ஆம் ஆண்டு மாசி மாதத்து மாலைப்பொழுதொன்றில் என் தாய்மாமன் வந்து விறாந்தையில் அமர்ந்து, தேநீரைக் குடித்து முடித்தபின் கேட்ட அறிவுரை அத்தகையதன்று.

"தம்பி, ஒரு துவக்கு வாங்க வேணும். எது மலிவு, எது நல்லது எண்டு நீதான் விசாரிச்சுச் சொல்ல வேணும்" என்றார்.

சமையலறையில் நின்ற என் தாயார் வெளியே வந்தார். ஒன்றும் பேசவில்லை. தெருப்பக்கக் கதவைச் சாத்தினார். பின்னர் யன்னலையும் சாத்திவிட்டு உள்ளே போனார்.

போர் ஓய்ந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஒரு சொல்லுக்காக ஒரு வீட்டின் கதவு சாத்தப்படுவது வெளியூர் அன்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். எங்களுக்கு அதில் வியப்பில்லை. என் பாட்டனாரிடம் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்றது. ஆண்டுதோறும் கச்சேரிக்குச் சென்று அதனைப் புதுப்பித்து வந்தார். எண்பதுகளின் நடுப்பகுதியில் ஓரிரவு ஒரு தரப்பினர் வந்து அதனை எடுத்துச் சென்றனர். அடுத்த வாரம் மறுதரப்பினர் வந்து, அது எங்கே என்று வினவினர். பாட்டனார் உள்ளதை உள்ளபடி சொன்னார். சொன்ன உண்மைக்காக ஏழு மாதங்கள் அவர் வீடு திரும்பவில்லை. திரும்பி வந்தவர், அந்த ஏழு மாதங்களைப் பற்றியும் அந்தத் துவக்கைப் பற்றியும் தாம் இறக்கும்வரை வாய்திறக்கவில்லை என்று தாயார் சொல்வார். அப்போது மாமாவுக்குப் பதினெட்டு வயது. நான் பிறக்கவில்லை. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது நான் தாயின் இடுப்பிலிருந்த கைக்குழந்தை. ஆகவே மாமா அன்று கேட்டது, சந்தையில் ஒரு பொருள் வாங்குவதற்கான யோசனை மட்டுமன்று என்பதை நான் அறிவேன். அவரும் அறிவார். அறிந்தும் கேட்டாரென்றால், அவர் எந்த நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தார் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

துவக்கைப் பற்றி நான் அறிந்திருந்ததெல்லாம் அச்சொல்லின் பிறப்பு மட்டுமே. பேராதனையில் சொல்லாராய்ச்சி பயின்ற காலத்தில், தமிழகத்தார் கூறும் துப்பாக்கியும், ஈழத்தவர் கூறும் துவக்கும், சிங்களவர் கூறும் துவக்குவவும் துருக்கிய மொழியின் ஒரே சொல்லோடு உறவுடையவை என்று படித்தேன். அதனைப் பெருமையுடன் மாமாவுக்கு எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப துருக்கியில என்ன விலை போகுது?" என்றார்.

மாமாவின் நிலம் எங்கள் ஊரில் இல்லை. சல்லி கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மீனவர் ஊர். முத்துமாரியம்மன் கோயிலும் மணலும் தோணியுமே அதன் செல்வம். மாமா மணஞ்செய்த இடம் நிலாவெளிக்கு அப்பால், கும்புறுப்பிட்டிப் பக்கம். அங்கே இரண்டு ஏக்கர். சின்ன வெங்காயம், மிளகாய், கச்சான், ஓரமாக இருபத்தைந்து தென்னை. போர்க்காலத்தில் கைவிடப்பட்டுப் பற்றையேறிக் கிடந்த அந்நிலத்தை 2010இல் வந்து, வேரோடு வேராகப் பிடுங்கி, கிணற்றைத் தூர்வாரி மீண்டும் தோட்டமாக்கினார். மனிதர் நீங்கிய இருபது ஆண்டுகளில் குரங்குகளும் பன்றிகளும் அந்நிலத்தைத் தமதாக்கிக் கொண்டிருந்தன. திரும்பி வந்த மனிதனே அவற்றின் கண்ணுக்கு அந்நியன். இன்னொருபுறம் அவற்றின் பழைய காடுகள் வெட்டப்பட்டும் எரிக்கப்பட்டும் சுருங்கிவிட்டன. குப்பைமேட்டிலும் விருந்தினர் விடுதிகளின் பின்வாசலிலும் எளிதாகத் தின்று பழகிய குரங்கு கூட்டமாகத் தோட்டத்துக்குள் இறங்குகிறது. ஒரு குரும்பையைக் கடித்துச் சுவை பார்த்து எறியும், அடுத்ததைக் கடிக்கும். வெங்காயத்தைத் தின்னாது. பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும். இரவிலே பன்றி வந்து கச்சானைக் கிளறும்.

அரசாங்கம் இதனை அறியாமலில்லை. 2023 சித்திரையில் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்ற யோசனை பேசப்பட்டது. சூழலியலாளர் நீதிமன்றம் சென்றபின் அது கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் நாள் காலை 8 மணி முதல் 8 மணி 5 நிமிடம்வரை நாடெங்கும் குரங்கு, மந்தி, மயில், மரஅணில் ஆகியவற்றை மக்களே எண்ணவேண்டும் என்று கணக்கெடுப்பு நடந்தது. மாமா படிவத்தையும் பேனாவையும் கையிலேந்தித் தோட்டத்தின் நடுவே நின்றார். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு குரங்கும் வரவில்லை. மனச்சாட்சியுடன் பூச்சியம் என்று எழுதிக் கொடுத்தார். எட்டரை மணிக்குப் பதினேழு வந்தன.

காவல் என்பது எங்கள் இலக்கியத்துக்குப் புதிதன்று. குறிஞ்சித் திணையில் பரண் மீதமர்ந்து தினைப்புனம் காக்கும் மகளிரை வகுப்பில் ஆண்டுதோறும் நான் கற்பித்து வருகிறேன். கிளி ஓட்டுவதற்குத் தட்டை என்றும் குளிர் என்றும் தழல் என்றும் கருவிகள் இருந்தன. கவண் இருந்தது. அக்காவல் காதலுக்குக் களமாகவும் ஆயிற்று என்று மாணவருக்குச் சொல்லும்போது அவர்கள் சிரிப்பர். மாமாவின் காவலில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஐம்பத்தெட்டு வயதில் பகலெல்லாம் தகரம் தட்டுகிறார், இரவெல்லாம் டோர்ச் அடிக்கிறார். பட்டாசு கொளுத்திப் பார்த்தார். முதல் நாள் குரங்குகள் ஓடின, மூன்றாம் நாள் மரத்தில் ஏறிக் காத்திருந்தன, பத்தாம் நாள் ஓசையைப் பொருட்படுத்தவே இல்லை. கூலிக்குக் காவலாள் வைத்தால் விளைச்சல் காவலாளுக்கே போய்விடும். இந்தக் கணக்கின் முடிவிலேதான் அவர் என் விறாந்தைக்கு வந்தார்.

நான் விசாரிக்கத் தொடங்கினேன். விலை குறைந்ததிலிருந்தே தொடங்கினேன்.

முதலில் காற்றுத் துப்பாக்கி. அதில் வெடிமருந்து இல்லை. அழுத்தப்பட்ட காற்று சிறிய ஈயச் சன்னத்தை உந்தித் தள்ளும். 4.5 மில்லிமீட்டர், 5.5 மில்லிமீட்டர் என்னும் இரு குழல்விட்டங்களே பெருவழக்கு. சிறிய சன்னத்தின் நிறை ஏறத்தாழ அரைக் கிராம். விலை குறைவு, ஓசையும் குறைவு. அந்த ஓசைக்குறைவே மாமாவுக்கு முதலில் பிடித்துப்போயிற்று. "சத்தம் கேட்டு ஒருத்தரும் வந்து விசாரிக்க மாட்டினம்" என்றார். குரங்கை அஞ்சிக் கேட்ட கருவியிலும் அவர் மனிதரையே அதிகம் அஞ்சினார். ஆனால் இக்கருவி பெரும்பாலும் கொல்லாது, புண்ணாக்கிவிடும். கண்ணில் பட்டால் மனிதனையும் குருடாக்கும். நான் இதைச் சொல்லும் முன்னரே மாமா அறிந்திருந்தார். யாரோ சுட்டுக் கை தொங்கிய தாய்க்குரங்கு ஒன்று, குட்டி வயிற்றில் பற்றியிருக்க, ஒரு வாரம் அவருடைய கிணற்றடிக்கு வந்துகொண்டிருந்ததாம். ஈ மொய்த்த அந்தக் கையை அவர் விவரித்தார். அதன்பின் காற்றுத் துப்பாக்கியைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அடுத்தது இருபத்திரண்டு எனப்படும் சிறு ரைபிள். தென்பகுதிப் பாடசாலையொன்றில் மாணவர் படையணிக்குப் பொறுப்பாயிருந்த நண்பர் ஒருவர், "குரங்கின் பருமனுக்கு அதுவே பொருத்தம். பாரமில்லை, பின்னுதைப்பு இல்லை, குறி தப்பாது" என்று தொலைபேசியில் பாராட்டினார். எங்கள் பகுதிக் கமக்காரர் கையில் அதைக் கண்டவர் அரிது. எனினும் அதனைப் பற்றிக் கற்றேன். குழல்விட்டம் ஓர் அங்குலத்தின் நூறில் இருபத்திரண்டு பங்கு, அதாவது 5.6 மில்லிமீட்டர். குழலின் உட்புறத்தில் புரிபோல் வெட்டப்பட்ட பள்ளங்கள் உண்டு. அவை சன்னத்தைச் சுழலச் செய்வதால் அது நேராகச் செல்லும். இன்று உலகெங்கும் வழங்கும் இருபத்திரண்டு நீள்ரைபிள் தோட்டாவை 1887இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தார் உருவாக்கினர். சன்னத்தின் நிறை இரண்டரைக் கிராமுக்குச் சற்று மேல். விரல்நுனியில் வைத்தால் ஒரு வேப்பங்கொட்டை அளவு.

சிறியது என்ற சொல்லில் நானும் ஏமாந்தேன். வியட்நாம் போரிலே அமெரிக்கப் படையினர் ஏந்திய எம்-16இன் குழல்விட்டம் 5.56 மில்லிமீட்டர். மாமாவுக்கு நண்பர் பரிந்துரைத்த ரைபிளின் குழல்விட்டமும் ஏறத்தாழ அதுவே. வேறுபாடு பின்னாலிருக்கும் மருந்தில் உள்ளது. அம்மருந்தின் வேறுபாட்டால் எம்-16இன் சன்னம் மூன்று மடங்கு வேகத்தில் பறக்கும். அந்த வேகம் இல்லாத நமது சிறு தோட்டாவின் சன்னமும், தடையின்றி மேல்நோக்கிச் சுடப்பட்டால், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று விழவல்லது. குரங்கோ மரத்தின் உச்சியில் இருக்கும். ஆகவே சுடுபவன் வானத்தை நோக்கியே சுடுவான். தப்பிய சன்னத்தை மறிப்பதற்கு அங்கே மண் இல்லை.

பாடசாலையில் நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல நிலப்படம் ஒன்று கிடந்தது. அதில் ஓரங்குலம் ஒரு மைல். மாமாவின் தோட்டம் இருக்கும் இடத்தில் கவராயத்தின் முள்ளை ஊன்றி ஓரங்குல ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தேன். வட்டத்துக்குள் வீதி வந்தது. பிள்ளைகள் படிக்கும் பாடசாலை வந்தது. ஒரு கோயிலும் பல கிணறுகளும் வந்தன. கிழக்கு விளிம்பில் கடற்கரையும் வந்தது. காலை வேளையில் இரு வரிசையாய் நின்று கரைவலை இழுப்போரின் முதுகுகள் நினைவுக்கு வந்தன. மாமா அந்த வட்டத்தை நெடுநேரம் பார்த்தார். "இது வேண்டாம்" என்றார்.

பழைய பன்னிரண்டாம் இலக்கத் துவக்கின் இயல்பு வேறு. அதன் இலக்கத்துக்குப் பொருள் வேடிக்கையானது. குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக்குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல். குழல்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். ஆனால் தோட்டாவில் இருப்பவை நூற்றுக்கணக்கான சிறு ரவைகள். அவை பரந்து சென்று விரைவிலே வலுவிழக்கும். முப்பத்தைந்து, நாற்பது மீட்டருக்குள்ளேதான் அவற்றின் பயன். அதற்கப்பால் தொலைவு ஏற ஏற ஆபத்துக் குறையும், சிறு ரவை சில நூறு மீட்டரில் மண்ணைச் சேரும். ஊர் சூழ்ந்த தோட்டத்துக்கு, பெருங்குழலே சிறுகுழலைவிட ஆபத்துக் குறைந்தது என்ற இந்த முரண்பாடு எனக்கும் பாடமாயிற்று. ஆயின் புதியதொன்றின் விலையைக் கேட்டபோது மாமா விரல்விட்டு எண்ணினார். மூன்று போகத்து வெங்காயம். அதிலும் உரக்கடன் கழியாத மூன்று போகம். தோட்டா தனி.

இங்கேதான் நான்காவது ஆயுதம் உள்ளே நுழைகிறது. அதற்கு விண்ணப்பம் தேவையில்லை. சந்தையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தபோது, முன்பின் அறியாத ஒருவன் மாமாவின் அருகே வந்து மெல்லிய குரலில் சொன்னானாம். "ஐயா, ஒரு கட்டுத்துவக்கு இருக்கு. நீங்க முழிச்சிருக்கத் தேவையில்லை." விலை ஒரு மூட்டை வெங்காயம்.

கட்டுத்துவக்கை அறியாத வாசகருக்காகச் சில சொற்கள். தண்ணீர்க் குழாயைக் கொண்டு செய்த நாட்டுத் துவக்கை விலங்கு நடக்கும் தடத்தில் கட்டிவைத்து, குறுக்கே நூலோடவிட்டால், நூலைத் தட்டியது எதுவோ அதன் காலைத் துளைக்கும். பன்றி என்றும் மனிதன் என்றும் நூலுக்கு வேற்றுமை இல்லை. காயம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் என்று அநுராதபுர மருத்துவமனையின் சத்திர சிகிச்சை நிபுணர்கள் எழுதியிருக்கின்றனர். அதற்கு மருத்துவக் கட்டுரை எனக்குத் தேவையில்லை. என் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாலைப்பழம் பொறுக்கக் காட்டுக்குப் போனான். வலது கால் கணுக்காலுக்கு மேலே துண்டிக்கப்பட்டது. செயற்கைக் காலுடன் திரும்பி வந்து அதே வாங்கில் அமர்ந்தான். பரீட்சையும் எழுதினான். அந்த நூலைக் கட்டியவர் யார் என்பது ஊரில் சிலருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும். எவரும் சொல்லவில்லை. கட்டியவரும் ஒரு கமக்காரராகவே இருப்பார். அவரும் இரண்டு ஏக்கருடன், ஒரு மூட்டை வெங்காயத்துக்கு மேல் செலவிட முடியாத நிலையில் இருந்திருப்பார். இவ்வாறு சொல்வதால் நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று பொருளன்று. மலிவான ஆயுதத்தின் விலையில் மிகுதியை யார் கட்டுகிறார் என்பதை அந்தப் பையனின் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டே நான் நாள்தோறும் இலக்கணம் நடத்துகிறேன்.

மாமா அந்த மனிதனிடம் என்ன மறுமொழி சொன்னார் என்று நான் கேட்டேன். "விலையைத்தான் கேட்டனான்" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றிரவே நான் எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் பழைய துவக்கு விற்பவர் உண்டோ என்று தீவிரமாக விசாரிக்கத் தொடங்கினேன்.

சித்திரை விடுமுறையில் விடை கிடைத்தது. என்னோடு பேராதனையில் பயின்ற சிங்கள நண்பர் ஒருவரின் உறவினர், கோமரங்கடவலப் பகுதியில் எழுபது வயதைக் கடந்த கமக்காரர், தம் துவக்கைக் கைமாற்ற விரும்புவதாகச் செய்தி வந்தது. மாமாவும் நானும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். அநுராதபுரச் சந்தியில் திரும்பி, கன்னியாவைக் கடந்து, பன்குளத்தில் வடக்கே திரும்பும்வரை மாமா ஒன்றும் பேசவில்லை. எண்பதுகளில் அப்பக்கத்து ஊர்களில் ஊர்காவற் படையினருக்கு அரசாங்கம் துவக்குகள் வழங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் பாட்டனாரின் துவக்கு பறிபோன காலமும் அதுவே. அந்தப் பாதையில் நாற்பது ஆண்டுகளாக மாமா வந்ததில்லை.

முதியவர் எங்களை மாமரத்தின் கீழ் அமர்த்தி, வெற்றிலைத் தட்டை முன்வைத்தார். துவக்கு உடனே வரவில்லை. முதலில் வெங்காய விலை பேசப்பட்டது. பின்னர், 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்ட போகத்தில் யார் யாருக்கு எவ்வளவு நட்டம் என்பது பேசப்பட்டது. மாமாவின் சிங்களம் சந்தைச் சிங்களம், எண்களில் மட்டும் தெளிவானது. அந்தப் பேச்சுக்கு எண்களே போதுமானவையாக இருந்தன. அவருடைய தென்னைகளிலும் குரும்பை இல்லை என்பதை நான் அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பின்னர் உள்ளே சென்று, பழைய சாரத்தில் சுற்றியிருந்த துவக்கைக் கொண்டுவந்தார். ஒற்றைக்குழல், பன்னிரண்டாம் இலக்கம், இங்கிலாந்தில் செய்தது. வெளிப்புறத்தில் சுத்தியல் உள்ள பழைய வகை. அவருடைய தந்தையார் காலத்திலிருந்து வீட்டில் இருப்பது. விற்பவரே பொருளின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் சந்தையை நான் அன்றுதான் கண்டேன். தோட்டா இல்லை என்பதை முதலில் திறந்து எங்களிருவருக்கும் காட்டினார். குழலை வெயிலை நோக்கிப் பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். கண்ணாடிபோல் ஒளிர வேண்டிய உட்சுவரில், தோட்டா வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் முன்னால் அம்மைத் தழும்பு போன்ற துருக்குழிகள் தெரிந்தன. ஆழமான குழியென்றால் குழல் அங்கே மெலிந்திருக்கும், அழுத்தம் தாங்காது. குழலின் வெளிப்புறத்தை விரலால் தடவச் சொன்னார். நெளிவு இருந்தால் கண்ணைவிட விரல் முந்தி அறியுமாம். குழலை மூடிவிட்டுப் பிணைச்சலைப் பிடித்து ஆட்டினார். சிறிது ஆடியது. "இது என் மூட்டு மாதிரி" என்று சிரித்தார்.

இவை கண்ணுக்குத் தெரிந்த குறைகள். தெரியாத குறை ஒன்று இருந்தது. பழைய ஆங்கிலத் துவக்குகளிற் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டே முக்கால் அங்குலம். சுடுமுன் அது அறைக்குள் அழகாகவே பொருந்தும். சுட்டதும் அதன் வாய் விரியும்போது இடம் போதாமல் அழுத்தம் ஏறும். இந்தக் கால் அங்குலத்தை அறியாமல் பழைய துவக்கு வாங்குபவன் தன் முகத்தைப் பணயம் வைக்கிறான். குழலின் அடிப்புறத்தில் பர்மிங்காம் பரிசோதனைக் கூடத்தின் முத்திரைகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட அக்கூடத்தில், மிகை மருந்து வைத்துச் சுட்டுச் சோதித்த பின்னரே குழலில் முத்திரை விழும். எந்த மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதும் முத்திரையிலே தெரியும். கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட குழலில் இக்காலத்துப் புகையற்ற மருந்தை இடுதல் ஆகாது. நல்ல வேளையாக இதில் புகையற்ற மருந்துக்கான முத்திரை இருந்தது. அறையின் நீளத்தை முதியவர் ஏற்கெனவே அளந்து, ஒரு மட்டைத்துண்டில் எழுதிக் கட்டியிருந்தார். இரண்டரை அங்குலம்.

விலையும் சொன்னார். நியாயமான விலை. ஒரு போகத்து வெங்காயத்துக்கு உட்பட்டது. மாமா தலையசைத்தார்.

"குரங்கைச் சுட்டிருக்கிறீர்களா?" என்று முதியவர் மாமாவிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். மாமா இல்லை என்றார். முதியவர் சிறிதுநேரம் வெற்றிலையை மென்றார். சூடு பட்ட குரங்கு புண்ணின் மீது கையை வைத்துப் பொத்தும், பின்பு கையை எடுத்து அதிலுள்ள இரத்தத்தைப் பார்க்கும், அதன்பின் நம்மைப் பார்க்கும் என்றார். தாம் ஒன்றைத்தான் சுட்டதாகவும், அது இருபது ஆண்டுகளுக்கு முன் என்றும், அதன்பின் வானத்தை நோக்கி வெடிவைப்பதற்கு மட்டுமே துவக்கை எடுத்ததாகவும் சொன்னார். அவ்வாறானால் விற்பது ஏன் என்று கேட்டேன். மகன் கொரியாவில் வேலை செய்கிறான், பேரப்பிள்ளைகள் நகரத்தில், தம் கண்ணில் புரை, இரவில் எது பன்றி, எது பக்கத்துத் தோட்டக்காரன் என்று தெரியவில்லை என்றார்.

அதன்பின் துவக்கை மாமாவின் கையில் கொடுத்தார்.

மாமா எழுந்து நின்று வாங்கினார். தோளில் வைக்கும் முறை அவருக்கு மறந்திருக்கவில்லை. பதினெட்டு வயதுக்கு முன் பாட்டனார் கற்றுக்கொடுத்தது. இடக்கை குழலின் கீழே தானாகச் சென்று பொருந்தியது. கன்னம் கட்டையில் சாய்ந்தது. அந்நிலையில், வெளிவீதியில் ஒரு வாகனம் வேகம் குறையும் ஒலி கேட்டது. மாமா சட்டென்று துவக்கைத் தாழ்த்தி, தம் உடலுக்குப் பின்னே மறைத்தார். வாகனம் கடந்து போயிற்று. அது மீன் வியாபாரியின் மோட்டார் சைக்கிள். மாமாவின் நெற்றி வியர்த்திருந்தது. முதியவர் அதைப் பார்த்தார். ஒன்றும் கேளாமல் துவக்கை மெல்ல வாங்கி, சாரத்தில் சுற்றி வைத்தார். பின்னர் மனைவியை அழைத்து இன்னொரு கோப்பை தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

முற்பணம் கொடுக்க மாமா மடியை அவிழ்த்தபோது முதியவர் வாங்க மறுத்தார். கடதாசி முதலில் வரட்டும் என்றார். அது சரியே. இந்நாட்டிலே துவக்கை வாங்குவது என்பது பொருளை வாங்குவதன்று, அனுமதியை வாங்குவது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த ஆண்டில், 1916இன் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகப் பிறந்த சட்டமே, திருத்தங்களோடு இன்றும் ஆள்கிறது. இந்தியாவில் 1878இல் பிரித்தானியர் இயற்றிய ஆயுதச் சட்டமும் இதற்கு மூத்த உறவே. அதன்கீழ் இந்தியனுக்கு அனுமதி வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். குடிகள் கையில் ஆயுதம் எளிதில் கிடைக்கக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். கிடைத்த காலத்தில் என்ன நடந்தது என்பதைக் கண்ட தலைமுறை நாங்கள். ஆயின் அச்சட்டம் ஏழைக் கமக்காரனிடம் கேட்கும் கடதாசிகளுள் முதலாவது, அவனிடம் இல்லாத கடதாசியாக இருக்கிறது.

நிலம் யாருடையது என்பதற்குச் சான்று வேண்டும். மாமாவின் மாமனார் பெயரிலிருந்த உறுதி 1990இல் வீட்டோடு எரிந்தது. பிரதி எடுக்கலாம். அதற்கு உறுதியின் இலக்கம் வேண்டும். இலக்கம் உறுதியில் இருந்தது. ஓர் அலுவலகத்தில், மேசைக்கு அப்பால் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "என்ன தேவைக்கு?" என்று கேட்டார். "குரங்கு" என்றார் மாமா. இளைஞர் அதை எழுதவில்லை. "பயிர்ப் பாதுகாப்பு" என்று எழுதினார். கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, பொலிஸ் அறிக்கை என்று பட்டியல் நீண்டது. பொலிஸ் நிலையம் என்ற சொல் வந்ததும் மாமா என்னைப் பார்த்தார். "நீயும் வருவியோ?" என்றார். போனேன். எங்களை ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. வாங்கில் அமரவைத்து, விவரம் எழுதி, அனுப்பிவிட்டனர். வெளியே வந்து வீதியோரத்தில் மாமா இளநீர் வாங்கிக் குடித்தார். இரண்டு குடித்தார்.

நான் எழுதிய கடிதங்கள் இப்போது ஒரு கோப்பை நிரப்பிவிட்டன. அவற்றுள் துவக்குக்கானவை சிலவே. தோட்டக்காரர் இருபத்துமூவரின் கையொப்பத்துடன், கூட்டுக் காவலுக்கு உதவியும் காட்டோரத்தில் வேலியும் கேட்டு அனுப்பியவை மற்றவை. வகுப்பில் மாணவர்களிடம் இதை ஒரு கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தேன். துவக்கு வேண்டும் என்று எழுதியோர் பலர். செயற்கைக் காலுடைய பையன் அரைப்பக்கமே எழுதியிருந்தான், வேலிக்கு எத்தனை கட்டை, எத்தனை யார் கம்பி என்று கணக்கு மட்டும். கூட்டலில் ஒரு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. துவக்கு கோமரங்கடவலையில் சாரத்துக்குள் இருக்கிறது. போகமொன்று வந்து போய்விட்டது. இதற்கிடையில் என் தாயார் மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அது வந்தா எங்க வைப்பாய்? உன்ர வீட்டில பூட்டு உள்ள அலுமாரி எண்டு ஒண்டு இருக்கோ? பேரப்பிள்ளையள் மூண்டு ஓடித்திரியுதுகள்." மாமா அதற்கு மறுமொழி சொல்லாமல் போய், ஒரு தச்சனைப் பிடித்து, வேப்பம்பலகையில் நாலரையடி நீளத்தில் ஒரு பெட்டி செய்வித்தார். இரும்புப் பட்டி, கனத்த ஆமைப்பூட்டு, திறப்பு அவருடைய அரைஞாணில்.

சென்ற சனிக்கிழமை இரவுக் காவலுக்கு நானும் போயிருந்தேன். விடியப்புறம் குளிர் கூடியபோது மாமா அந்தப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, சாக்கில் கட்டி, மேலே காய்ந்த வேப்பிலை பரப்பி, அடுத்த போகத்துக்கான விதைக் கச்சான் இருந்தது. அதன் பக்கத்தில் பொலித்தீன் பையில் விண்ணப்பத்தின் பிரதிகள். கையை உள்ளே விட்டு ஒரு பிடி கச்சானை அள்ளி, ஈரம் ஏறியிருக்கிறதா என்று காதருகே குலுக்கிப் பார்த்தார். பூட்டினார். "ஐஞ்சரைக்கு வந்திடுவினம்" என்று சொல்லித் தகரத்தை என் கையில் தந்தார்.